பெயர் சொல்லி ஒரு சட்டம்: வட கரோலினாவில் ஐந்து நாள்

முதல் நாள்: ராலி

மகள் வீடு கேரியில். வட கரோலினாவின் தலைநகரமான ராலி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். "கோயில், ஏரி, கடை எல்லாம் பார்த்தாச்சு. இனி எங்கே போகலாம்னு நீயே சொல்லும்மா" என்றாள். பழைய சட்டமன்றக் கட்டடம் என்றேன். இந்த ஐந்து நாளும் அதை ஒட்டித்தான் சுற்றப்போகிறோம். ராத்திரி வந்து அன்றன்றைக்கே எழுதிவிடுவதாக எண்ணம்.

தாலுகா அலுவலகத்தில் 31 வருடம் மனு வாங்கி, குறிப்பெழுதி, மேலே அனுப்பியவள் நான். எந்த வார்த்தை இருந்தால் மனு நகரும், எது இருந்தால் நின்றுபோகும் என்று ஓரளவு தெரியும். அடிமை முறை இருந்த காலத்தில் இந்த மாநிலத்தின் சட்டமன்றம் ஒரே ஒரு ஆளின் பெயரைப் போட்டுச் சட்டம் இயற்றியிருக்கிறது என்று படித்ததிலிருந்து, அந்த மனுக்களை எப்படி எழுதியிருப்பார்கள் என்ற யோசனை என்னை விடவில்லை.

கட்டடம் கிரேக்கக் கோயில் சாயலில் இருக்கிறது. 1833ல் தொடங்கி 1840ல் முடித்திருக்கிறார்கள். செலவு 5,32,682 டாலர். கல் ராலியிலேயே வெட்டியது. இதே இடத்தில் முன்பு நின்ற கட்டடம் 1831 ஜூன் 21 அன்று எரிந்துபோனது. இத்தாலியச் சிற்பி கனோவா செதுக்கிய ஜார்ஜ் வாஷிங்டன் சிலையும் அதோடு போயிற்று. நடு மண்டபத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது அதன் நகல். 1963 வரை சட்டமன்றம் இங்கேதான் கூடியது. உறுப்பினர்களின் மர மேசைகள் வரிசை வரிசையாக அப்படியே இருக்கின்றன.

அந்தக் காலத்துச் சட்டமன்றத்தின் நேரத்தைத் தின்றது தனிநபர்ச் சட்டங்கள்தான். ஒருவர் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டுமா, சட்டமன்றம். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையை முறைப்படியான வாரிசாக்க வேண்டுமா, சட்டமன்றம். விவாகரத்துக்கும் ஆரம்பத்தில் அதே வாசல்தான்.

அடிமையாக இருப்பவரை விடுவிப்பதும் அங்கே போய் நின்றது. "இன்றிலிருந்து நீ சுதந்திரம்" என்று உடைமையாளர் எழுதிக் கொடுத்துவிட்டால் அது செல்லாது. பாராட்டத்தக்க சேவை செய்தவர் என்று கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றம் ஒப்புக்கொண்டால்தான் விடுதலை என்று 1741லேயே சட்டம். 1777ல் அதை இன்னும் இறுக்கினார்கள். மனசாட்சி உறுத்தி க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் விடுவித்தவர்களைக்கூட, விடுவித்தது சட்டப்படி இல்லை என்று பிடித்து, திரும்ப விற்றிருக்கிறார்கள். இதைப் பார்த்தவர்களுக்கு நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் கையில் இருந்தால் எப்படித் தூக்கம் வரும்? அதனால் தீர்ப்புக்கு மேல் சட்டமன்றத்தின் சட்டம் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அப்படி ஒருவருடைய ஊருக்கு நாலாம் நாள் போவதாகத் திட்டம்.

இரண்டாம் நாள்: ஆவணக் காப்பகம்

வேலைக்குப் போகிற வழியில் மகள் என்னை ஜோன்ஸ் தெருவில் இறக்கிவிட்டாள். மாநில ஆவணக் காப்பகம் அங்கே இருக்கிறது. பையை வெளியே பூட்டி வைத்துவிட்டு, பென்சிலும் தாளும் மட்டும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். இன்று முழுக்க ஒரே ஒரு மனுதான்.

1830ல் மில்டன் என்ற சின்ன ஊரிலிருந்து சட்டமன்றத்துக்கு வந்த மனு அது. விஷயம் இதுதான். தாமஸ் டே என்ற மரச்சாமான் ஆசாரி மில்டனில் கடை வைத்திருந்தார். 1801ல் வர்ஜீனியாவில் பிறந்தவர், அடிமையாக இல்லாத கறுப்பர். 1830 ஜனவரியில், எல்லைக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவின் ஹாலிஃபாக்ஸ் கவுண்டியைச் சேர்ந்த அக்கிலா வில்சன் என்ற பெண்ணை மணந்தார். அவரும் அடிமை இல்லை. ஆனால் வட கரோலினாவில் அதற்குச் சில வருடம் முன்புதான், வேறு மாநிலத்திலிருந்து சுதந்திரக் கறுப்பர் யாரும் குடிவரக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். வந்தவர் அறிவிப்புக் கிடைத்த 20 நாளுக்குள் வெளியேற வேண்டும். இல்லையென்றால் 500 டாலர் அபராதம். கட்ட முடியாதவரைப் பிடித்து வேலைக்கு ஒப்படைத்துவிடலாம். தாலி கட்டின கதையாகவே யோசித்துப் பாருங்கள். கல்யாணம் முடிந்து பெண் புகுந்த வீட்டுக்கு வருவதே குற்றம்.

மனைவி வர முடியாவிட்டால் கடையை விற்றுவிட்டு நானே வர்ஜீனியாவுக்குப் போகிறேன் என்ற நிலைக்கு டே வந்துவிட்டார். ஊரில் வெள்ளையர் 61 பேர் கையெழுத்துப் போட்டு, அக்கிலாவை மட்டும் அனுமதிக்கும்படி மனு அனுப்பினார்கள்.

மனுவின் பாரம் முழுவதும் கணவர் தோளில்தான். முதல் தர வேலைக்காரர், குடிக்காதவர், நிதானமானவர், உழைப்பாளி, ஊரில் நல்ல சொத்து உள்ளவர் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. ஒரு ஊரே நல்லவர் என்று சான்று கொடுத்தால்தான் ஒருவர் தன் மனைவியோடு குடும்பம் நடத்தலாம்.

அதற்குக் கீழே இன்னொரு குறிப்பு. மாநில அட்டர்னி ஜெனரல் ரோமுலஸ் சாண்டர்ஸ் எழுதியது. அவருக்கு டேயைச் சில வருடமாகத் தெரியும். நேர்மையானவர், நல்ல தொழிலாளி என்று தொடங்குகிறார். அப்புறம் வருகிற வாக்கியத்தை நான் தாளில் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். கறுப்பர்களிடையே கலவரம் ஏதாவது மூளுமானால் இந்த ஆள் வந்து நம்மிடம் சொல்லிவிடுவார் என்று நம்பலாம், ஏனென்றால் இவருக்கு நிலம் மட்டும் இல்லை, அடிமைகளும் இருக்கிறார்கள். இதுதான் அதன் சாரம். இன்றைய நிலைமையில் கொள்கை கேட்கிற பொது விதிக்கு இவரைப் பாதுகாப்பாக விதிவிலக்கு ஆக்கலாம் என்று முடிக்கிறார்.

தாமஸ் டே அடிமைகளை வைத்திருந்தார் என்பது உண்மை. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. ஆனால் அந்த ஆசாரி எத்தனை அழகாக மேசை செய்வார் என்பது அட்டர்னி ஜெனரலுக்கு இரண்டாம் பட்சம். யார் பக்கம் நிற்பார் என்பதுதான் முதல் கேள்வி. அக்கிலா எல்லை தாண்டுவதற்கு அவர் கணவர் கொடுத்த விலை அந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்த விலையைப் பேசி முடித்தவர்கள் வேறு ஆட்கள்.

எங்கள் ஆபீசில் யாருக்காவது சலுகை கொடுத்து ஆணை போட்டால் கடைசியில் ஒரு வரி சேர்ப்போம்: "இதனை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது." நானே எத்தனையோ கோப்பில் எழுதியிருக்கிறேன். அந்த வரி யாருக்காக என்று அப்போது நினைத்ததில்லை. சலுகை கிடைத்தவருக்காக அது எழுதப்படுவதில்லை. வெளியே வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்காக எழுதப்படுகிறது. சாண்டர்ஸ் குறிப்பும் அவர்களைப் பார்த்து எழுதியதுதான்.

சட்டம் நிறைவேறியது. அக்கிலா வந்துவிட்டார். ஆனால் அதே 1830 கூட்டத்தொடரில் வேறு என்னென்ன நிறைவேறியது என்று பார்த்தபோதுதான் எனக்கு மனம் கனத்தது. அடிமைகளுக்கு எழுத்துப் படிப்புச் சொல்லிக் கொடுப்பது குற்றம். வெள்ளையர் செய்தால் அபராதமோ சிறையோ, கறுப்பர் செய்தால் சவுக்கடியும் உண்டு. அடிமையை விடுவிக்க வேண்டும் என்றால் உயர்நிலை நீதிமன்றத்துக்கு மனு, செய்தித்தாளில் ஆறு வார அறிவிப்பு, தலைக்கு 1,000 டாலர் பிணை. விடுதலை ஆனவர் 90 நாளில் மாநிலத்தை விட்டுப் போய்விட வேண்டும், திரும்பவே கூடாது. இதே மாநிலத்தின் வில்மிங்டனில் பிறந்த டேவிட் வாக்கர் 1829ல் பாஸ்டனிலிருந்து அடிமை முறைக்கு எதிராக வெளியிட்ட அறைகூவல் கப்பல் வழியாகத் தெற்கே வந்துசேர்ந்திருந்தது. அந்தப் பயம் எல்லாச் சட்டத்திலும் தெரிகிறது. "இன்றைய நிலைமை" என்று சாண்டர்ஸ் எழுதியது இதைத்தான்.

ஒரே கூட்டத்தொடர், அதே உறுப்பினர்கள். ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்த கையால்தான் மற்ற எல்லாருக்கும் பூட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: மில்டன்

மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். ராலியிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ராக்ஸ்பரோ தாண்டினால் வயலும் காடும் மாறி மாறி வருகின்றன. இது புகையிலை நாடு. சாலையோரம் பழைய புகையிலைக் கொட்டாரங்கள் சில சாய்ந்து நிற்கின்றன. மில்டனில் ஒரே ஒரு பெரிய தெரு. கொஞ்சம் தள்ளி டான் ஆறு. இன்னும் கொஞ்சம் தள்ளி வர்ஜீனியா எல்லை. "இவ்வளவுதானா தூரம்?" என்றாள் மகள். இவ்வளவு தூரத்துக்குத்தான் ஒரு மாநிலச் சட்டமன்றம் கூடியது.

தெருவைப் பார்த்த வளைவு வாசல்களோடு செங்கல் கட்டடம் ஒன்று. 1818ல் யூனியன் டாவர்ன் என்ற விடுதியாகக் கட்டியது. 1848ல் தாமஸ் டே இதை வாங்கி வீடும் பட்டறையுமாக ஆக்கிக்கொண்டார். 1989ல் தீ விபத்தில் பெரும் சேதம். ஊர்க்காரர்கள் விடாமல் பாடுபட்டு மீட்டிருக்கிறார்கள். முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லியிருந்ததால் ஒரு பெரியம்மா வந்து திறந்து காட்டினார்.

டேயின் கைவேலையை நான் படத்தில் பார்த்திருந்தேன். நேரில் பார்ப்பது வேறு. மாடிப்படியின் கைப்பிடி தொடங்கும் இடத்தில் ஒரு தூண் வைப்பார்கள் இல்லையா, மற்ற ஆசாரிகள் அதைக் கடைந்து உருட்டி நிறுத்திவிடுவார்கள். இவர் கைப்பிடியையே அலை சுருள்வது போலச் சுருட்டிக் கீழே இறக்கியிருக்கிறார். மரம் தண்ணீராக ஓடி அங்கே வந்து நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. சுருளின் உள்பக்கம் விரல் வைத்துப் பார்க்க ஆசை. தொடக் கூடாது என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன்.

1850ல் மாநிலத்திலேயே பெரிய மரச்சாமான் பட்டறை இவருடையது. நீராவி இயந்திரம் வைத்திருந்தார். வெள்ளைக்காரப் பையன்கள் இவரிடம் தொழில் பழகினார்கள். சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்து மாணவர் சங்க மண்டபங்களுக்கும் கவர்னராக இருந்த டேவிட் ரீட் வீட்டுக்கும் இவர் வேலை செய்திருக்கிறார். பட்டறையில் அடிமைகளும் வேலை செய்தார்கள் என்பதைப் பெரியம்மா தானாகவே சொன்னார். அவர்களில் யார் எந்தச் சுருளைச் செதுக்கினார்கள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நான் நின்று ரசித்தது யாருடைய உளிவேலையோ.

பக்கத்து பிரெஸ்பிட்டீரியன் தேவாலயத்தின் இருக்கைகளும் டே செய்தவைதான். தன் குடும்பம் கறுப்பருக்கென்று ஒதுக்கிய மாடத்தில் இல்லாமல் கீழே எல்லாரோடும் உட்கார விட்டால் செய்து தருகிறேன் என்று பேரம் பேசியதாக ஊரில் ஒரு கதை உண்டு. கதை கதைதான். ஆனால் அக்கிலாவும் கணவரும் அந்தச் சபையின் உறுப்பினர்கள் என்பது பதிவில் இருக்கிறது. பிள்ளைகளை மாசசூசெட்ஸ் வரை அனுப்பிப் படிக்க வைத்தார்கள். எவ்வளவு சொத்து இருந்தும், உள்ளூரில் அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பள்ளிக்கூடம் கிடையாது.

திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் செம்மண் நிறம். அக்கிலா இந்தப் பக்கமாகத்தான் வந்திருப்பாரா என்று மகள் கேட்டாள். இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

நான்காம் நாள்: நியூ பெர்ன்

இன்று மாப்பிள்ளை வண்டி ஓட்டினார். கிழக்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். நியூஸ் ஆறும் டிரென்ட் ஆறும் சேருமிடத்தில் ஊர். மில்டனின் தனிமைக்குப் பிறகு இந்தத் துறைமுக ஊர் கலகலப்பாக இருந்தது.

தேடி வந்தது ஜான் கேரதர்ஸ் ஸ்டான்லியை. 1774ல் இங்கே அடிமையாகப் பிறந்தவர். தாய் ஆப்பிரிக்கப் பெண். தந்தை, ஊரின் பெரிய கப்பல் வணிகர் ஜான் ரைட் ஸ்டான்லி என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். உடைமையாளர்களான ஸ்டூவர்ட் தம்பதி அவரை முடிதிருத்தும் தொழிலில் பழக்கிக் கடை வைத்துக் கொடுத்தார்கள். 1795ல் கவுண்டி நீதிமன்றம் அவருக்கு விடுதலை தந்தது. அதோடு விடாமல் 1798ல் சட்டமன்றத்தில் அவர் பெயரில் சட்டம் ஒன்றும் நிறைவேறியது. தீர்ப்புக்கு மேல் ஒரு சட்டம் என்று முதல் நாள் சொன்னேனே, அந்த இரட்டைப் பூட்டு இதுதான். 1805ல் மனைவி கிட்டியையும் பிள்ளைகளையும் அவரே விடுவித்துக்கொண்டார்.

அந்த வணிகர் ஸ்டான்லியின் வீடு இன்னும் இருக்கிறது. தாமஸ் டே செதுக்கியது போன்ற எதுவும் நம் ஸ்டான்லி கையால் மிச்சம் இல்லை. கிட்டி ஆரம்பகால உறுப்பினராக இருந்த பிரெஸ்பிட்டீரியன் தேவாலயம் இருக்கிறது. வெள்ளை மரக் கட்டடம், உயரக் கோபுரம். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம்.

வழிநெடுக நான் சொன்னதைக் கேட்டு வந்த மாப்பிள்ளை, "அத்தை, இவரும் அடிமைகள் வெச்சிருந்தாரா?" என்றார். வைத்திருந்தார். நூற்றுக்கும் மேலே. தோட்டங்களும் டர்பன்டைன் தொழிலும் அவர்கள் உழைப்பில்தான் ஓடின. சிலரை விலைக்கு வாங்கி விடுதலையும் செய்திருக்கிறார், அது உண்மை. மற்றவர்களை வேலை வாங்கிப் பணக்காரரானார், அதுவும் உண்மை. தன் விடுதலைக்கு இரண்டு பூட்டுப் போட்டுக்கொண்ட மனிதர், பூட்டு இல்லாதவர்கள் நிலை என்ன என்று அறியாமல் இருந்திருக்க முடியாது. எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. மில்டனில் டேயிடம் வராத கோபம் இங்கே ஏன் வந்தது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சுருள் மரத்தைப் பார்த்து மயங்கியதால் அங்கே வராமல் போயிருக்கலாம். அது நியாயமில்லை.

1820களின் பிற்பகுதியில், தந்தை வழிச் சகோதரர் ஜான் ஸ்டான்லிக்காக வங்கியில் போட்ட ஜாமீன் இவர் தலையில் விடிந்தது. சொத்தில் பெரும்பகுதி போயிற்று.

இதே ஊர்க்காரர் நீதிபதி வில்லியம் காஸ்டன். 1835ல் ராலியில் கூடிய அரசியல் சட்ட மாநாட்டைப் பற்றி இவரைச் சொல்லாமல் பேச முடியாது. அதுவரை வட கரோலினாவில் சுதந்திரக் கறுப்பர்கள் வாக்களிக்கலாம். அந்த உரிமையை அடியோடு பறிக்கக் கூடாது என்று காஸ்டன் வாதாடினார். சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். உரிமை போயிற்று. அதே மாநாடு இன்னொன்றும் செய்தது. பெயர் மாற்றம், விவாகரத்து, பிள்ளையை முறைப்படியாக்குவது ஆகியவற்றுக்கு இனித் தனிநபர்ச் சட்டம் போடக் கூடாது, எல்லாருக்கும் பொதுவான சட்டம்தான் வேண்டும் என்று திருத்தம் வந்தது. வெள்ளையர் வீட்டுக் காரியங்களுக்குப் பொது விதி வந்துவிட்டது. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் வேலை கறுப்பருக்கு அப்படியே இருந்தது.

ஐந்தாம் நாள்: மறுபடி ராலி

காலையிலேயே சட்டமன்றக் கட்டடத்துக்குத் தனியாக வந்துவிட்டேன். இன்று லன்ஸ்ஃபோர்டு லேனுக்காக.

1803ல் ராலியில் ஹேவுட் குடும்பத்துக்கு அடிமையாகப் பிறந்தவர். சின்ன வயதில் அப்பா கொடுத்த ஒரு கூடை பீச் பழத்தை 30 சென்ட்டுக்கு விற்றாராம். கையில் வந்த முதல் காசு அது. வளர்ந்ததும் அப்பாவும் அவரும் சேர்ந்து தனி மணம் உள்ள புகைக்கும் புகையிலை தயாரித்தார்கள், குழாயும் செய்தார்கள். வாடிக்கையாளர் யார் என்றால் இங்கே கூட்டத்தொடருக்கு வருகிற சட்டமன்ற உறுப்பினர்கள். அப்படிக் காசு காசாகச் சேர்த்த 1,000 டாலர் அவருடைய சொந்த விலை. பாராட்டத்தக்க சேவை என்று காட்ட எதுவும் இல்லாததால் இங்கே நீதிமன்றத்தில் விடுதலை நடக்கவில்லை. 1835ல் நியூயார்க் போய் அங்கே விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கித் திரும்பினார். அப்புறம் கவர்னர் அலுவலகத்திலேயே வேலை. மனைவி மார்த்தாவையும் பிள்ளைகளையும் மீட்க 2,500 டாலர் பேசி, தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

1840ல் அறிவிப்பு வந்தது. நியூயார்க்கில் சுதந்திரம் பெற்றதால் நீ வேறு மாநிலத்திலிருந்து குடிவந்தவன், 20 நாளில் வெளியேறு. அக்கிலாவைத் தடுத்த அதே சட்டம். பிறந்து வளர்ந்த ஊரில் அவர் அந்நியர் ஆகிவிட்டார். கவர்னரின் செயலாளரே கடிதம் கொடுத்துக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தந்தார். லேன் சட்டமன்றத்துக்கு மனு போட்டார். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. மிச்சத் தவணையைக் கட்டி முடித்துக் குடும்பத்தை அழைத்துக்கொண்டு போகும் வரை இருக்க அனுமதி, அவ்வளவுதான்.

புதுக் கட்டடத்தில் கூடிய முதல் கூட்டத்தொடர் அது. விவாதம் உள்ளே நடக்க, அவர் வெளியே காத்திருந்தார். முடிந்து வந்த உறுப்பினர் ஒருவர், "உன்னைக் கிடத்திவிட்டார்கள், மசோதா செத்தது" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனதாக லேன் பிற்பாடு எழுதியிருக்கிறார். அவர் புகையிலையைப் புகைத்தவர்கள் எத்தனை பேர் அன்று எதிர்த்து ஓட்டுப் போட்டார்களோ.

மனுவைத் திருப்பி அனுப்பும் செய்தியை நானும் எத்தனையோ பேரிடம் வராந்தாவில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். சிரித்தபடி சொன்னதில்லை. நின்று கேட்டுவிட்டு அவர்கள் படியிறங்கிப் போன விதம் மட்டும் இங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது.

1841ல் ஒரு மகளை மட்டும் அழைத்துக்கொண்டு லேன் வடக்கே போனார். கூட்டங்களில் தன் கதையைச் சொல்லி மீதிப் பணத்தைத் திரட்டினார். 1842 ஏப்ரலில் குடும்பத்தை மீட்க ராலி வந்தபோது, மாசசூசெட்ஸில் அடிமை ஒழிப்புப் பிரசங்கம் செய்தாய் என்று விசாரணை. குற்றம் இல்லை என்று விட்டார்கள். ஆனால் ஒரு கும்பல் அவரை விடவில்லை. ராத்திரி ஊருக்கு வெளியே கொண்டுபோய் உடம்பெல்லாம் தார் ஊற்றி இறகை ஒட்டினார்கள்.

மறுநாள் அவர் மனைவி பிள்ளைகளோடு ரயில் ஏறினார். வயதான அம்மாவைப் பிரிய முடியவில்லை. பழைய எஜமானியம்மா மனம் இளகி அம்மாவையும் கூட அனுப்பிவைத்தார். என்றைக்காவது முடிந்தால் 200 டாலர் அனுப்பு என்று சொல்லித்தான்.

மேல்தளத்தில் அவையைப் பார்த்த மாடம் ஒன்று இருக்கிறது. ஏறிப் போய் உட்கார்ந்தேன். நிறைவேறாத மசோதா சட்டத் தொகுப்பில் ஏறாது. அக்கிலாவின் அனுமதி அச்சில் ஏறிவிட்டது. லேன் கேட்டது மனுக் கட்டுக்குள் நின்றுவிட்டது. கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேசைகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு மகள் போன் பண்ணி, தெற்கு வாசலில் நிற்கிறேன், வா என்றாள்.